துகிர் என்னும் ஒரு சொல்லும் மூவகைக் கல்லும்

பவளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது சிவந்த மணியே. சங்கப் பாடல்கள் இதனைத் துகிர் என்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, புகார் நகரின் வீதிகளில் வந்து குவியும் பொருள்களை வரிசைப்படுத்தும்போது முத்தைத் தென்கடலுக்கும் துகிரைக் கீழ்க்கடலுக்கும் உரியதாக்குகிறது. புறநானூற்றின் 218ஆம் பாடலில் கண்ணகனார், ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் பிறந்தும் ஒரே அணிகலனில் வந்து கூடும் பொருள்களுள் ஒன்றாகத் துகிரைச் சுட்டுகிறார். கடலுக்கடியில் கொடிபோலப் படர்வது என்னும் எண்ணத்தில் பவளக்கொடி என்ற பெயரும் வழக்கில் நிலைத்தது.

இலக்கியம் பயின்ற நாம் இந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரிக்குச் சென்றால் திகைத்து நிற்போம். அங்கே கிடைக்கும் 'பவளம்' சிவப்பாக இராது, மணியாகவும் இராது. சாம்பல் நிறக் கல்லில் விண்மீன் வடிவக் கோலங்கள், தேன்கூட்டுக் கண்கள், விசிறி மடிப்புகள் என்று பலவாறாகத் தோன்றும். அவற்றுள் பவளம் எது, பவளம்போல் நடிப்பது எது, பவளமே ஆயினும் எவ்வகை என்பனவற்றை அறிஞர்கள் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வரலாற்றை இயன்றவரை நம் மொழியில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நகைக்கடையில் விற்கும் செம்பவளமும், இராமேசுவரத்துக் கடலில் பாறையாக வளரும் பவளமும் உறவினரே ஆயினும் உடன்பிறந்தார் அல்லர். இவ்வேறுபாட்டை விளக்க மேனாட்டு நூல்களைவிட நம் தொல்காப்பிய மரபியலே நமக்கு எளிதாகக் கைகொடுக்கிறது. வன்மை புறத்தே உள்ளதைப் புல் என்றும், அகத்தே உள்ளதை மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. பனையும் தென்னையும் புறக்காழ், தேக்கும் வேங்கையும் அகக்காழ் என நாம் வகுப்பில் எடுத்துக்காட்டுத் தருவது வழக்கம். செம்பவளத்தில் கல்லாகிய தண்டு நடுவே இருக்க, உயிருள்ள தசை அதன்மேல் போர்த்தியிருக்கும். தசைக்குள்ளேயே விளைந்த கல் அது. ஆகவே செம்பவளம் அகக்காழ். பாறைப் பவளத்திலோ மெல்லுடலி தன் அடிப்புறத் தோலிலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து, தனக்கு வெளியே கிண்ணம் ஒன்றைக் கட்டி அதன்மேல் அமர்ந்துகொள்கிறது. ஆகவே அது புறக்காழ். தொல்காப்பியர் பவளத்தை எண்ணி இதைச் சொல்லவில்லை என்பது உண்மையே. எனினும் 'வன்மை எங்கே இருக்கிறது' என்னும் வினாவை வைத்து வகைப்படுத்தும் அவர்தம் முறை இங்கே பழுதின்றிப் பொருந்துகிறது.

பவளம் செடியா, உயிரியா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. மார்செய் நகரத்து மருத்துவர் ழான் ஆந்த்ரே பெய்சோனல் 1720களில், பவளத்தின் 'பூக்கள்' எனப்பட்டவை உண்மையில் சிறு உயிரிகளே என்று கண்டு பாரிசு அறிவியற் கழகத்துக்கு எழுதினார். அங்கே செல்வாக்குடன் விளங்கிய ரேயோமூர், இப்படியொரு கருத்தைச் சொன்னவரின் பெயரை வெளியிட்டால் அவருக்கே இழுக்கு என்று கருதிப் பெயரை மறைத்துப் படித்தார். பின்னர் அவரே கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. எனவே பவளத்தைக் கொடி என்று கருதிய நம் முன்னோரை நாம் நகைக்க வேண்டியதில்லை. பாரிசுப் பேரறிஞரும் அப்படித்தான் கருதினார்.

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. செம்பவளம் நடுநிலக்கடலில் விளைந்து மேலைக் கடல் வழியாக முசிறிக்கு இறக்குமதியானதைப் பெரிப்புளூஸ் பட்டியலிடுகிறது. உரோமர் நம் முத்தை விரும்பியதுபோல இந்தியர் பவளத்தை விரும்பினர் என்று பிளினி எழுதினார். அப்படியிருக்கப் பட்டினப்பாலை ஏன் கீழ்க்கடலைச் சொன்னது என்பது சிந்திக்கத்தக்கது. சரக்கு வந்திறங்கிய திசையைப் பாடினாரா, விளைந்த திசையைப் பாடினாரா? நாம் முன்னதன் பக்கமே சாய்கிறோம்.)

இனி நம் ஊருக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தில் பவளப் புதைபடிவம் கிடைக்குமா என்று நம் மாணவர் அடிக்கடி கேட்பதுண்டு. அருப்புக்கோட்டை அருகே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலை 1960களின் தொடக்கத்திலிருந்து அதை அரைத்து வருகிறது. சுண்ணாம்புக்கல் இருந்தால் சிப்பியும் பவளமும் இருக்க வேண்டுமே என்பது கேட்பவரின் நியாயம். ஆனால் பந்தல்குடிக் கல் படிகச் சுண்ணாம்புக்கல். பவளம் என்ற உயிரினம் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே படிந்து, பூமியின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாக உருமாறிய கல். உடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் வெயிலில் மின்னும். உயிரின் வடிவம் எதுவும் தெரியாது. இதே நிறுவனம் அரியலூர்ப் பகுதியிலும் ஆலைகள் நடத்துகிறது. அங்கே அது அரைப்பது கடல் உயிர்களின் ஓடுகளால் ஆன கல். ஒரே பெயர் தாங்கிய சிமெண்ட் மூட்டைக்குள் இருவேறு உலகங்கள்!

நம் கரிசல் காட்டில் உழும்போது வெளிப்படும் சுண்ணாம்புக் கற்கள் வேறொரு வகை. அவற்றுட் சில, விரல்போலவும் கிளைபோலவும் இருக்கும். சிவகாசிப் பக்கத்து மாணவர் ஒருவர் அத்தகைய கிளைக்கல் ஒன்றைத் துணியில் பொதிந்து பவளம் என்று கொண்டுவந்தார். செடியின் வேரைச் சுற்றி மண்ணிலுள்ள சுண்ணாம்பு உறைந்து, வேர் மட்கியபின் அதன் வடிவத்தைத் தாங்கி நின்ற கல் அது. எப்படி அறிவது? குறுக்கே உடைத்து, நனைத்து, கைலென்சால் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு துளையோ வளையமோ இருக்கலாம். ஆனால் நடுவை நோக்கி நான்கு புறமிருந்தும் ஓடிவரும் நுண்சுவர்கள் இரா. அந்த ஆரச்சுவர்களே பவளத்தின் முதற் கையொப்பம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களை மனத்தில் கொண்டால் போதும்.

ஆயினும் பவளத்துக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வைப்பாற்றங்கரையில், பட்டாசு ஆலைகளுக்கு நடுவே அமைந்த வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் மிகுதியாகக் கிடைத்தன. மன்னார் வளைகுடாவின் விளைபொருள் அக்காலத்திலேயே இங்கு வந்து பயன்பட்டிருக்கிறது. ஆட்சி எல்லையும் அப்படியே. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது திருநெல்வேலியிலிருந்த சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்கள் அதில் சேர்ந்தன. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும்வரை பட்டாசுத் தொழிலாளியும் பாம்பன் மீனவரும் ஒரே மாவட்டத்தார். 1972இல் ஸ்டாடர்ட் என்னும் புவியியலாளரும் பவள ஆய்வாளர் கோபிநாத பிள்ளையும் இராமநாதபுரத்து உயர்ந்த பவளப்பாறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அக்கட்டுரைத் தலைப்பிலுள்ள 'இராமநாதபுரம்' அன்றைக்கு நம்மையும் உள்ளடக்கியதே.

அக்கட்டுரை கூறும் செய்தி இது: இராமேசுவரத் தீவின் கரையில், இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே, தாம் வளர்ந்த நிலையிலேயே கல்லாகி நிற்கும் பவளக் குன்றுகள் உள்ளன, அவற்றின் வயது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1883இல் வெளியிட்ட மதுரை, திருநெல்வேலி மாவட்ட நிலவியல் நூலும் இக்கடற்கரைப் பகுதியை ஆராய்ந்த நூலே. வளர்ந்த நிலையில் நிற்கிறதா, புயலில் புரண்டு வந்து கிடக்கிறதா என்பதே இங்கே முதல் வினா. கிண்ணங்கள் வானை நோக்கியிருந்தால் அது பிறந்த இடத்திலேயே இருக்கிறது. கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடந்தால் அலை கொணர்ந்தது. முன்னதைக் கொண்டுதான் பழைய கடல்மட்டத்தைக் கணக்கிட முடியும்.

இக்கரைப் பவளங்களைப் பிரித்தறியப் பழக வேண்டுவோர்க்கு நாம் பரிந்துரைப்பது கடலையன்று, தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களையே. 1964 திசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரின் மாதாகோயிலும் வீடுகளும் பவளக்கல்லால் கட்டப்பட்டவை. பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளத்தின் முகம் நன்கு தெரிகிறது. சில கற்களில் ஊசிமுனை அளவே உள்ள கண்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும், அது போரைட்டிசு. மி.மீ. கணக்கில் ஒன்று, ஒன்றரைக்கு மேல் போகாத கிண்ணங்கள் அதற்கு. வேறு சிலவற்றில் பட்டாணி அளவுக் கிண்ணங்கள் தெரியும். அவற்றில்தான் நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனித்தனிச் சுவரும், இரு சுவர்களுக்கு இடையே சிறு சந்தும் இருந்தால் அது ஃபேவியா (இன்று பெயர் மாற்றி டிப்சாஸ்ட்ரியா என்கின்றனர்). அடுத்தடுத்த கிண்ணங்கள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டால் ஃபேவைட்டிசு. பொதுச்சுவர் வைத்த வீட்டில் குடியிருந்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை! கிண்ணங்களின் குறுக்குச்சுவர் மறைந்து, ஒன்றோடொன்று இணைந்து வளைந்து நெளியும் வாய்க்காலாகிவிட்டால் பிளாட்டிகைரா. மூளைப்பவளம் என்று வழங்குவது இதன் கூட்டத்தையே. கிளைக்கிளையாக, கிளையின் மேல் சிறு குழல்கள் துருத்தி நிற்பதாக இருந்தால் அக்ரோபோரா, அதாவது மான்கொம்புப் பவளம்.

இச்சுவர்களைப் பார்க்கலாம், பெயர்க்கலாகாது. கடலிலுள்ள பாறைப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அதற்குமுன் சுண்ணாம்புக் காளவாய்க்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டியெடுத்ததன் விளைவாகத் மன்னார் வளைகுடாவில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. ஒரு தீவே கரைந்துபோகும் அளவுக்குப் பவளம் வீடுகளுக்குள்ளும் சூளைக்குள்ளும் போயிருக்கிறது.

நாலாயிரம் ஆண்டுப் பவளமும் இன்றைய பவளமும் ஒரே இனங்கள்; எனவே மேற்சொன்ன அடையாளங்கள் இரண்டுக்கும் செல்லும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அத்தொலைவுக்குச் செல்ல மூன்று பெருங்குலங்களை அறிந்திருக்க வேண்டும். மில்ன் எட்வர்ட்ஸ், ழூல் ஏம் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரும் 1850இல் பழங்காலப் பவளங்களை ருகோசா, டாபுலேட்டா என்று பெயரிட்டுப் பிரித்தனர். இன்றுள்ள பாறைப் பவளங்களின் குலத்துக்கு ஸ்கிலெராக்டினியா என்னும் பெயர் 1900இல் பூர்ன் என்பவரால் சூட்டப்பட்டது. முன்னிரு குலங்களும் ஆர்டோவீசியக் காலத்தில் தோன்றி, இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் இறுதியில் நேர்ந்த பேரழிவோடு முற்றாக அற்றுப்போயின. மூன்றாவது குலம் அதற்குப் பின், டிரையாசிக் காலத்தின் நடுப்பகுதியில் கல்லில் தென்படத் தொடங்கியது. இடைப்பட்ட ஒரு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் கல்லில் பவளமே காணப்படவில்லை.

ருகோசாவைப் பெரும்பாலும் கொம்பு வடிவில் காணலாம். ஒற்றைக் கிண்ணம், அடி கூர்ந்து வாய் அகன்று ஆட்டுக்கொம்புபோல் சற்றே வளைந்திருக்கும். புறத்தோல் சுருக்கம் விழுந்தது, பெயரே அப்பொருளது. ஆயினும் அதன் உண்மையான அடையாளம் குறுக்குவெட்டில் இருக்கிறது. முதலில் ஆறு ஆரச்சுவர்கள் எழும். அதன்பின் வரும் புதுச்சுவர்கள் எல்லா இடைவெளிகளிலும் முளைக்காமல் நான்கு இடங்களில் மட்டுமே முளைக்கும். இவ்வொழுங்கை 1869இல் ஆல்பிரெக்ட் குந்த் என்னும் செருமானியர் கண்டுரைத்தார். எனவே ருகோசாவின் வெட்டுமுகம் சக்கரம்போல் முழுச்சமச்சீராக இராமல், நடுநரம்பின் இருபுறமும் கிளைநரம்பு பிரியும் இலைபோலத் தோன்றும். ஸ்கிலெராக்டினியாவிலோ முதலில் ஆறு, அவ்வாறு இடைவெளிகளிலும் அடுத்த ஆறு, பிறகு பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று சுற்றுச்சுற்றாக வரும். கோலம் போடும் பெண்கள் புள்ளி வைத்து ஊடுபுள்ளி நிரப்பும் முறை இதற்கு மிக நெருக்கமானது. முதற்சுற்றுச் சுவர்கள் தடித்தும் நீண்டும், பின்வருவன மெலிந்தும் குறுகியும் இருக்கும். எண்ணத் தொடங்குவோர் தடித்தவற்றை முதலில் எண்ண வேண்டும்.

டாபுலேட்டா தனியே வாழ்வதில்லை, எப்போதும் கூட்டமே. ஆரச்சுவர்கள் இல்லை, அல்லது முள்போல் சிறுத்திருக்கும். மாறாக ஒவ்வொரு குழாயிலும் குறுக்கே கிடைத்தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும்; அடுக்குமாடிக் கட்டடத்தின் தளங்கள்போல. உயிரி வளர வளரக் கீழ்த்தளத்தை அடைத்துவிட்டு மேலே குடியேறியதன் தடம் அது. ஃபேவோசைட்டிசு என்பது தேன்கூடு போன்றது. ஹாலிசைட்டிசு என்பது சங்கிலி கோத்தது போன்றது. இந்தியாவில் இவற்றைக் காண இமயத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் பழம்பாறைகளில் இவ்விரண்டும் கிடைத்துள்ளன.

இந்த டாபுலேட்டாவே பவளந்தானா என்று ஒருகாலத்தில் ஐயம் எழுந்தது சுவையான கதை. 1960களிலும் 70களிலும் ஜமைக்காவின் கடற்குகைகளில், சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் கடற்பஞ்சுகளை உயிரோடு கண்டனர். அவற்றின் கல், பழைய டாபுலேட்டாக்கள் சிலவற்றை அச்சாக ஒத்திருந்தது. கீட்டெட்டிசு என்ற பழம் 'பவளம்' கடற்பஞ்சாகிக் குலம் மாறிப்போயிற்று. ஃபேவோசைட்டிசும் அவ்வாறே போய்விடுமோ என்ற நிலையில், 1985இல் பால் காப்பர் என்பவர், கனடாவின் அன்டிகோஸ்டித் தீவிலிருந்து, கிண்ணங்களுக்குள் உயிரியின் உடலே கல்லாகிப் பன்னிரண்டு உணர்கொம்புகளுடன் கிடந்த ஃபேவோசைட்டிசை வெளியிட்டார். நாற்பத்து மூன்று கோடி ஆண்டு பழைய மெல்லுடல்! வழக்கு பவளத்தின் பக்கம் சாய்ந்தது.

இனி அரியலூர்க் கடலுக்கு வருவோம். 1840களில் சென்னை ஆட்சிப் பணியிலிருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கிளிஞ்சற் படிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு நிலத்தை அளந்து, 1862இல் அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவர் பகுத்த பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஏறத்தாழ பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே அலையடித்த கிரெட்டேசியக் கடலின் மூன்று அத்தியாயங்கள் அவை.

திரட்டிய படிவங்களுக்குப் பெயரிடும் பெரும்பணி ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்காவின் தோளில் விழுந்தது. மொராவியாவில் 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தா வந்தார். நத்தை, சிப்பி, முள்ளெலி என ஒவ்வோர் இனமாக எழுதிக்கொண்டே வந்து, 1873இல் தென்னிந்தியக் கிரெட்டேசியப் பவளங்களைப் பற்றிய பகுதியை வெளியிட்டார். அதற்கு முன்பே ஸ்பிதியில் நடந்து அங்குள்ள பழம்பாறைத் தொடர்களுக்குப் பெயரிட்டவரும் இவரே. ஆகவே இருவேறு பவளக் காலங்களின் பாறைகளிலும் நடந்த பழக்கம் அவருக்கு இருந்தது. மறு ஆண்டு சூன் மாதம், யார்க்கண்டுத் தூதுக்குழுவோடு சென்று திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது முப்பத்தாறு. லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது.

அரியலூர்ப் பக்கம் கொம்புவடிவ ஒற்றைப் பவளம் ஒன்று கிடைத்தால் ருகோசா என்று சொல்லத் தோன்றும். வடிவம் அப்படித்தான் இருக்கும். ஆனால் ருகோசா அழிந்து பதினான்கு கோடி ஆண்டுகளுக்குப் பின் வந்த கடல் இது. ஆகவே அது ஸ்கிலெராக்டினியாவின் தனிக்கிண்ணமாகவே இருக்க வேண்டும். ஆரச்சுவர்களை எண்ணினால் ஆறின் மடங்கில் வந்து நிற்கும். வடிவம் ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்றுகூடச் சொல்லலாம். சொல்லிவிட்டு உடனே ஒரு தடையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ருகோசா தன் கூட்டைக் கால்சைட்டால் கட்டியது. அது நெடுங்காலம் நிலைக்கும். ஸ்கிலெராக்டினியா கட்டுவது அரகோனைட்டால். அது நாளடைவில் கரைந்தோ கால்சைட்டாக மாறியோ போகும். மாறும்போது நுண்சுவர்கள் மங்கிவிடுகின்றன. இதனால் நாற்பது கோடி ஆண்டுப் பழம்பவளத்தில் தெளிவாகத் தெரிவது, பத்துக் கோடி ஆண்டுப் பவளத்தில் தெரியாமல் போகலாம்! அமெரிக்கரான ஜான் வெல்ஸ் 1963இல் டெவோனியக் காலத்து ருகோசாவின் புறத்தோலில் நாட்கோடுகளை எண்ணி, அன்றைய ஓர் ஆண்டுக்குச் சுமார் நானூறு நாட்கள் என்று கண்டதற்கும் இந்த உறுதிப்பாடே துணைசெய்தது.

சிவகாசிக்காரர்க்கு இவ்விடத்தில் ஒரு பழகிய பெயர் எதிர்ப்படும். அரகோனைட் உருவாகும்போது கால்சியத்தின் இடத்தில் சிறிதளவு ஸ்ட்ராண்டியமும் புகுந்துகொள்ளும். மத்தாப்பில் செந்நிறம் தருவதற்கு நம் ஆலைகளில் பயன்படும் அதே ஸ்ட்ராண்டியந்தான். நீர் குளிர்ந்திருந்தால் பவளத்தில் அதன் அளவு கூடும். வெதுவெதுப்பாக இருந்தால் குறையும். ஆகவே அவ்விகிதத்தை அளந்து பழங்கடலின் வெப்பத்தைக் கணக்கிடுகின்றனர். ஆனால் கல் கால்சைட்டாக மாறியிருந்தால் ஸ்ட்ராண்டியம் வெளியேறிவிடும், கணக்கு பிழைக்கும். மாறியதா இல்லையா என்று அறியப் பழைய முறை ஒன்று உண்டு. கல்லைப் பொடித்துக் கோபால்ட் நைட்ரேட் கரைசலில் கொதிக்க வைத்தால் அரகோனைட் ஊதாநிறம் ஏறும். கால்சைட் அவ்வாறு ஏறாது. காரை ஊரின் களிமண்ணில் செலஸ்டைட் என்னும் ஸ்ட்ராண்டியக் கனிமமே கிடைக்கிறது என்பதையும் சொல்லி மேலே செல்வோம்.

அரியலூரில் பவளமாக நடிப்போர் பலர். பாசிப்பூச்சி எனத்தக்க பிரையோசோவா கூட்டங்களில் கண்கள் இருக்கும். ஆனால் மிகச் சிறியவை, உள்ளே ஆரச்சுவர் இராது. சுண்ணாம்புப் பாசிகள் வெண்கட்டிகளாகவும் மேலோடுகளாகவும் படிந்திருக்கும். அவற்றில் கிண்ணமே இல்லை. இனோசெராமசு என்னும் பெருஞ்சிப்பியின் ஓடு உடைந்தால் நார்நாராகத் தெரியும். அதைப் பவளக்குழல் என்று கருதுவோர் உண்டு. இத்தகைய மயக்கம் பவளத்துக்கு மட்டும் உரியதன்று. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியது நினைவிருக்கலாம். அவை முட்டைகளல்ல, அம்மோனைட்டோடு தொடர்புடைய கல்லுருண்டைகள் என்று ஆய்வாளர் தெளிவுபடுத்தினர்.

பிளான்ஃபோர்டின் காலத்திலிருந்தே ஊட்டத்தூர்த் தொகுதியின் அடியில், கல்லக்குடிப் பக்கம் காணும் சுண்ணாம்புக்கல்லைப் பவளத்திட்டுச் சுண்ணாம்பு என்று அழைத்து வந்தனர். கிழக்கே கடல், மேற்கே கருங்கல் கரை, கரையோரமாகப் பவளத்திட்டு என்று ஓர் அழகிய சித்திரம் உருவாயிற்று. கல்லை மெல்லிய தகடாகச் சீவி நுண்நோக்கியில் பார்க்கும் முறை பரவியபோது அச்சித்திரம் மாறியது. பெங்களூரில் பணியாற்றிய எல். ராமராவ், தென்னிந்தியக் கிரெட்டேசியப் பாறையில் லித்தோதாம்னியம் என்ற சுண்ணாம்புப் பாசி இருப்பதை 1932இல் அறிவித்தார். நிண்ணியூர்ப் பாறைகளின் பாசிகளை எஸ்.ஆர். நாராயணராவும் உடன் ஆய்வாளரும் 1936இல் விவரித்தனர். பிறகு கல்லக்குடிக் கல்லிலும் பாசியும் பிரையோசோவாவும் பெரும்பங்கு வகிப்பதும், பவளம் அவற்றோடு கலந்திருப்பதும் தெளிவாயின. இன்று அதனைப் பவளம்-பாசிச் சுண்ணாம்புக்கல் என்கின்றனர். திட்டு இருந்தது உண்மை. அதைக் கட்டியவர்களில் பவளம் ஒரு பங்காளி மட்டுமே. பெயரளவில் சிறு திருத்தம்போலத் தோன்றினாலும், அக்கடலின் ஆழம், வெளிச்சம், வெப்பம் பற்றிய கணிப்புகள் இதைப் பொறுத்தே அமைகின்றன. பவளத்திட்டு என்றால் வெதுவெதுப்பான ஆழங்குறைந்த கடல் என்று எழுதிவிடுவோம். பாசியும் பிரையோசோவாவும் மிகுந்தால் அவ்வளவு உறுதியாக எழுத இயலாது.

(கல்லக்குடி என்றதும் 1953 சூலைப் போராட்டம் நினைவுக்கு வராத தமிழர் இரார். டால்மியாபுரம் என்னும் பெயரை மாற்றக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்த போராட்டம் அது. ஊருக்குப் பழம்பெயர் மீண்டது. ஆனால் நிலவியல் நூல்களில் அப்பாறைத் தொகுதிக்கு டால்மியாபுரம் என்ற பெயரே நீடிக்கிறது. அறிவியற் பெயரிடலில் முந்தி வைத்தது எளிதில் பெயராது.)

கல்லக்குடிக் குவாரி ஒரு விசித்திரமான நூலகம். வெட்டியதால்தான் பாறையின் உள்முகம் ஆய்வாளர் கண்ணுக்குக் கிட்டியது. பிளான்ஃபோர்டு ஓடைக்கரைகளில் தேடிப் பார்த்ததைப் பின்வந்தோர் உயர்ந்த செங்குத்து வெட்டில் பார்த்தனர். ஆனால் அந்நூலகத்தில் படித்து முடித்த பக்கமும் படிக்காத பக்கமும் ஒன்றாகவே சூளைக்குப் போகின்றன. வெடி வைத்த மறுநாள் பார்த்த முகம் அடுத்த மாதம் இராது. ஆகவே அங்கே ஒரு துண்டை எடுப்பவர் அதன் இனத்தைக் கண்டுபிடிக்குமுன் செய்ய வேண்டியது வேறொன்று: எந்தக் குவாரி, எந்த மட்டம், மேலே என்ன கல், கீழே என்ன கல், கிண்ணங்கள் எப்பக்கம் நோக்கியிருந்தன என்பதை அங்கேயே எழுதிவைத்தல். பெயரைப் பத்தாண்டு கழித்தும் திருத்திக்கொள்ளலாம். இடம் போனால் போனதுதான். நம் கல்லூரிகள் பலவற்றின் காட்சிப் பேழைகளில் 'புதைபடிவம், அரியலூர்' என்ற ஒற்றைச் சீட்டோடு கிடக்கும் அழகிய பவளங்களைக் காணும்போது, பாடியவர் பெயரும் திணை துறையும் சிதைந்துபோன புறப்பாடல்களே நமக்கு நினைவுக்கு வருகின்றன. அப்பாடல்களுக்காவது பாட்டு மிஞ்சியது.

பார்த்துப் பழக விரும்புவோர்க்கு அரியலூர் அருகே வாரணவாசியில் தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்டோலிச்காவின் 1873ஆம் ஆண்டுப் பகுதியும் இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் இறுதியிலுள்ள கல்லச்சுப் படங்களில் ஒவ்வொரு பவளமும் முதலில் இயல்பளவிலும், பின் கிண்ணம் பெரிதாக்கப்பட்டும் வரையப்பட்டிருக்கும். கையிலுள்ள துண்டைத் தண்ணீரில் நனைத்து, வெயில் சாய்வாக விழும்படி பிடித்து, லென்சை வைத்துத் தடித்த ஆரச்சுவர்களை முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு அப்படங்களைப் புரட்டலாம்.